மணிக்கூட்டு மெசின் வாங்கப் போகுமுன் பலகையின் தடிப்பை அளந்து கொள்ளுங்கள்

எங்கள் மட்டக்களப்புக் கல்லடி வீட்டின் முன் மண்டபத்தில் தொங்கும் சுவர் மணிக்கூட்டை அப்பா தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தம் கையாலேயே செய்தார். வட்டமாக அறுத்து இழைத்த முதிரைப் பலகை, அதில் பதித்த பித்தளை எண்கள், பித்தளைத் தகட்டில் வெட்டி எடுத்த மணி முள்ளும் நிமிட முள்ளும், மெல்லிய சிவப்பு அலுமினியச் செக்கன் முள், பின்புறம் ஒற்றைப் பென்டோர்ச் பற்றரியில் ஓடும் கறுப்புப் பிளாஸ்டிக் மெசின், இவ்வளவுதான் அது. முகப்புக்கு மேல் கண்ணாடி கிடையாது. கடந்த மாரியில் அது நின்று போனது. புதிதாக ஒன்றை வாங்கி மாட்டிவிட்டால் ஒரு நாளில் வேலை முடிந்துவிடும் என்று வீட்டுக்கு வந்த எல்லாரும் சொன்னார்கள். ஆனால் கெட்டுப் போனது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு மெசின் மட்டுமே. பலகையும் எண்களும் முட்களும் அப்பா விட்டுப் போனபடியே இருந்தன. ஆகவே மெசினை மட்டும் மாற்றுவதென்று முடிவு செய்தேன். அதைத் தெரிவு செய்ய இவ்வளவு கவனம் வேண்டியிருக்கும் என்று அப்போது தெரியாததால் முதல் தடவை பிழையானதை வாங்கி, இரண்டாம் தடவையே சரியானதை வாங்கினேன். நின்று போன நல்ல மணிக்கூடு ஒன்றைக் கழற்றி அலுமாரிக்கு மேல் வைத்திருப்பவர்களுக்கு உதவட்டும் என்று அந்த அனுபவத்தை எழுதி வைக்கிறேன்.

மெசின்தான் கெட்டதா என்பதை முதலில் உறுதி செய்து கொள்ள வேண்டும். எங்கள் மணிக்கூட்டில் செக்கன் முள் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே நின்று, முன்னே போக முடியாமல் அதே இடத்தில் துடித்துக் கொண்டிருந்தது. பற்றரி இறங்கிய மணிக்கூடுகளின் செக்கன் முள் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலேயே நிற்கும். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை முள் மேலே ஏற வேண்டும்; ஒன்பதை நெருங்கும்போது அது கிடையாக நீட்டி நிற்பதால் அதன் பாரம் மெசினை ஆகக் கூடுதலாக எதிர்க்கும் இடம் அதுதான். புதிய பற்றரி போட்டதும் முள் ஏறிவிட்டால் மெசினில் குறையில்லை. எங்களுடையது புதிய பற்றரி போட்ட பிறகும் துடித்தது. அடுத்ததாக மூன்று முட்களையும் கழற்றி, செக்கன் தண்டின் நுனியில் அரிசியளவு கடதாசித் துண்டொன்றை ஒட்டி, மெசினைத் தனியே ஓட விட்டேன். இப்படி முள்ளில்லாமல் ஒரு நாள் முழுதும் தடையின்றி ஓடினால் குறை முட்களில் இருக்கிறது என்று அர்த்தம்: ஒன்றோடொன்று உரசுகின்றன, அல்லது செக்கன் முள் கண்ணாடியில் முட்டுகிறது. அப்படியானால் முட்களை மெல்ல நிமிர்த்துவதோடு காரியம் முடிந்துவிடும், பணமும் மிச்சம். என் கடதாசித் துண்டு அன்றிரவே அசைவை நிறுத்திவிட்டது.

பற்றரிக் குழியைக் கூர்ந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. சுருள் கம்பித் தொடுகையின் அடியில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது. பற்றரி ஒன்று எப்போதோ கசிந்திருக்கிறது. அல்கலைன் பற்றரியிலிருந்து கசிவது காரம் என்பதால் பஞ்சில் வினாகிரி தொட்டுத் துடைத்தால் அது போய்விடும். விலை குறைந்த சாதாரண பற்றரியின் கசிவு அமிலத்தன்மை உடையது, அதற்கு அப்பச்சோடா கரைத்த நீர் பொருத்தம். நான் துடைத்தேன், தொடுகை பளிச்சென்று வந்தது, மெசின் ஓடவில்லை. மூடியைக் கழற்றிப் பார்த்தால், கசிவு செப்புச் சுருள் வரைக்கும் ஊர்ந்து போயிருந்தது. தலைமயிரிலும் மெல்லிய அந்தக் கம்பி, ஈயப்பற்று வைத்த இடத்தில் பச்சை நிறமாகி அறுந்திருந்தது. பாடசாலை ஆய்வுகூடத்துப் பல்மானியை வைத்துப் பார்த்தபோது சுருளூடாக மின்னோட்டம் போகவே இல்லை. கல்லடி கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் நிலம். இங்கே உப்புக்காற்றில் கதவுக் கீலே கறள் பிடிக்கும்போது, இந்தக் கம்பி இத்தனை வருடம் தாக்குப்பிடித்ததே பெரிது.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மெசின் தெரிவு செய்யும்போது அது உதவும். சிறிய உலோகக் குழாய்க்குள் இசைக்கவை வடிவில் வெட்டிய குவாட்ஸ் படிகம் ஒன்று இருக்கிறது. மின் கொடுத்தால் அது செக்கனுக்கு 32,768 தடவை அதிரும். அந்த எண்ணை இரண்டால் 15 தடவை வகுத்தால் மீதியில்லாமல் ஒன்று வரும் என்பதாலேயே அந்த எண்ணைத் தெரிந்தெடுத்தார்கள். சிறிய மின்சுற்று அப்படி வகுத்து, செக்கனுக்கு ஒரு துடிப்பாகச் சுருளுக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் மின்னின் திசை மாற, சுருளருகே இருக்கும் குட்டிக் காந்தம் அரைச் சுற்றுச் சுற்றுகிறது. மற்றதைப் பற்சில்லுகள் பார்த்துக் கொள்கின்றன. குவாட்ஸ் படிகத்தால் நேரம் காட்டும் மணிக்கூட்டை 1927இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வாரன் மரிசனும் அவருடன் பணியாற்றியவரும் முதலில் இயக்கினார்கள். இந்த அரைச்சுற்று மோட்டாருக்கு வழி காட்டியவர் பிரான்ஸ் பொறியியலாளர் மரியஸ் லவே. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் இவ்வளவு இருப்பதை, மூடியைத் திறந்து பார்த்த அன்று மாலை நெடுநேரம் வியந்து கொண்டிருந்தேன். ஆனால் கடையில் மெசின் கேட்கும்போது உள்ளே இருப்பதில் பெரிய வேறுபாடு கிடையாது. பெட்டியின் அளவும் பெரும்பாலும் ஒன்றுதான், 56 மில்லிமீற்றர்ச் சதுரம். முதலில் பார்க்க வேண்டிய வேறுபாடு பெட்டியிலிருந்து வெளியே நீட்டிக் கொண்டிருக்கும் தண்டில் இருக்கிறது. அங்கேதான் நான் பிழைவிட்டேன்.

நகரக் கடையொன்றில் "சுவர் மணிக்கூட்டு மெசின்" என்று மட்டும் கேட்டேன். எடுத்துத் தந்தார்கள், வாங்கிக் கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் பழையதைக் கழற்றிப் புதியதைப் பலகையின் பின்புறமாகச் செருகிப் பார்த்தால், தண்டின் புரி வெட்டிய பகுதி பலகைக்குள்ளேயே புதைந்து கிடக்கிறது, முன்பக்கம் நட்டுப் பிடிக்க ஒரு புரிகூட எட்டவில்லை. அந்தத் தண்டில் புரி வெட்டியிருந்த நீளம் 6 மில்லிமீற்றர். அப்பாவின் பலகை 9 மில்லிமீற்றர்த் தடிப்பு. கடையில் விற்கும் பிளாஸ்டிக் மணிக்கூடுகளின் முகப்பு மெல்லிய தகடு என்பதால் அவற்றுக்கு ஏற்ற குட்டைத் தண்டு மெசினைத்தான் கடைக்காரர்கள் கேளாமலே எடுத்துத் தருவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நான்தான் தடிப்பைச் சொல்லவில்லை. அயலில் உள்ள தச்சர் ஒருவர், பலகையின் பின்புறத்தை மெசின் பெட்டியின் அளவுக்கு உளியால் 7 மில்லிமீற்றர் குடைந்துவிட்டால் இதே மெசின் பொருந்திவிடும் என்றார். அதுவும் சரியான வழிதான், பலர் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அப்பா இழைத்த பலகையில் உளி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் தடவை கடைக்குப் போகவில்லை. காத்தான்குடியில் மணிக்கூடு திருத்தும் ஒரு நானாவிடம் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால், கண்ணில் உருப்பெருக்கி வைத்தபடி அவர் வேலை செய்து கொண்டிருந்தார். நான் நீட்டிய குட்டைத் தண்டு மெசினைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "டீச்சர், மெசின் நல்ல மெசின்தான். உங்கட முகப்பு எவ்வளவு தடிப்பு எண்டு அளந்தீங்களா?" என்று கேட்டார். ஒன்பது மில்லிமீற்றர் என்றேன். "ஒன்பதோட நாலைக் கூட்டுங்க. றப்பர் வாசர், பித்தளை வாசர், நட்டு மூண்டுக்கும் அந்த நாலு வேணும். பதின்மூண்டுக்குக் குறைஞ்ச புரி உங்களுக்குச் சரிவராது. என்னட்ட பன்னிரண்டு வரைக்கும்தான் இருக்கு, மற்றது கொழும்பில இருந்து எடுக்க வேணும்."

இந்த ஒரு கணக்குத் தெரிந்திருந்தால் எனக்கு முதல் தடவை போன காசு மிஞ்சியிருக்கும். முகப்பின் தடிப்பு, அதோடு நான்கு மில்லிமீற்றர். புரி வெட்டிய பகுதி அதற்குக் குறையக்கூடாது. சற்றுக் கூடினால் பாதகமில்லை, ஆனால் அதிகம் கூடினால் முட்கள் முகப்பிலிருந்து விலகி நின்று, பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு நேரம் பிழையாகத் தெரியும். கண்ணாடி போட்ட மணிக்கூடானால் இன்னொன்றையும் அளக்க வேண்டும்: முகப்புக்கும் கண்ணாடிக்கும் இடையே உள்ள தூரம். முட்கள் ஏறும் நுனிப் பகுதி புரிக்கு மேலே இன்னும் நீண்டிருக்கும். செக்கன் முள் கண்ணாடியைத் தொட்டால் எந்த மெசினும் நின்றுவிடும். அளப்பதற்கு அடிமட்டம் போதும் என்றாலும், எனக்குப் பாடசாலையில் வேணியர் இடுக்கிமானி கைக்கெட்டிய தூரத்தில் இருந்ததால் அதனாலேயே அளந்தேன். பலகையை ஓரத்தில் அளந்து ஏமாறாதீர்கள். ஓரத்தைச் சாய்த்து இழைத்திருப்பார்கள். நடுத் துவாரத்தின் விளிம்பில் அளக்க வேண்டும்.

துவாரத்தை அளக்கப் போனபோதுதான் நான் எதிர்பாராத ஒன்றைக் கண்டேன். இப்போது விற்பனைக்கு வரும் மெசின்களின் தண்டுகள் பெரும்பாலும் 8 மில்லிமீற்றர் விட்டமுடையவை. அப்பாவின் பலகையில் துவாரம் 10 மில்லிமீற்றர் இருந்தது, அதுவும் சரியான வட்டமாக இல்லை. பித்தளை வாசர் இருந்த இடத்தைத் துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்துக்குப் பிடித்தேன். துவாரத்தின் உட்சுவரில் குறுக்கும் மறுக்குமாக வட்ட அரத்தின் கீறல்கள். அதைச் சுற்றி மரத்தில் அழுந்தியிருந்த இரண்டு வட்டத் தடங்கள், ஒன்று சிறியது, அதை வெட்டிக் கொண்டு மற்றது சற்றுப் பெரியது. ஆக, இந்த மணிக்கூட்டுக்கு முன்பே ஒரு தடவை மெசின் மாறியிருக்கிறது. முதல் மெசினின் தண்டு 8 மில்லிமீற்றராக இருந்திருக்க வேண்டும். பிறகு கிடைத்தது தடித்த தண்டாக இருக்கவே, அப்பா அரத்தால் ராவித் துவாரத்தைப் பெருப்பித்திருக்கிறார். இதை அவர் எங்களிடம் சொன்னதாக அம்மாவுக்கும் நினைவில்லை. பலகையில் கை வைக்கக்கூடாது என்று நான் காத்த பலகையில் அவரே தயங்காமல் அரம் போட்டிருந்தது எனக்கு ஆறுதலாக இருந்தது. அவரும் இதே மேசையில், இதே இடத்தில் நின்று, மெசின் பொருந்தாமல் யோசித்திருக்கிறார். குடைவதற்கு இனித் தடையில்லை என்று பட்டாலும், நீளத் தண்டு கிடைக்கும் என்று நானா சொல்லியிருந்தபடியால் காத்திருந்தேன். 10 மில்லிமீற்றர்த் துவாரத்தில் 8 மில்லிமீற்றர்த் தண்டு ஆடாமல் நிற்பதற்கு, பொருத்தமான பிளாஸ்டிக் குழாயில் ஒரு வளையம் வெட்டி உள்ளே செருகினேன். வாசரை மட்டும் நம்பி இறுக்கினால் நாளடைவில் மெசின் கீழே சரிந்து, முட்கள் நடுவத்திலிருந்து விலகிவிடும்.

முட்களைப் பற்றி நானா சொன்னதும் முக்கியம். மெசினோடு புதிய முட்கள் சேர்ந்தே வரும். ஆனால் பழைய முட்களைக் காப்பாற்ற விரும்பினால் அவற்றின் துவாரங்கள் புதிய தண்டுக்குப் பொருந்த வேண்டும். மணி முள்ளின் துவாரம் எப்போதும் வட்டம், அழுத்திச் செருகுவது. நிமிட முள்ளில்தான் இரண்டு வகை. ஒரு வகையில் அதுவும் வட்டமாக இருந்து அழுத்திச் செருகப்படும். மற்ற வகையில் துவாரத்தின் இரு பக்கங்கள் நேராகவும் இரு முனைகள் வளைவாகவும் இருக்கும். அதற்கேற்பத் தண்டின் நுனியும் இரு பக்கம் தட்டையாகச் சீவப்பட்டு, மேலே சிறிய நட்டு ஒன்று பிடிக்கும். வட்டத் துவார முள்ளைத் தட்டைத் தண்டில் போட்டால் தண்டு சுற்றும், முள் வழுகும். எங்கள் பித்தளை முள் தட்டை வகை. வீட்டிலிருந்து முட்களை ஒரு கடித உறைக்குள் போட்டுக் கொண்டு போனது நல்லதாயிற்று. நானா தம்மிடம் இருந்த தண்டொன்றில் போட்டுப் பார்த்து, "இந்த வகைதான், எழுதி அனுப்புறன்" என்றார். நீங்கள் முகப்பையே கொண்டு போக முடியாவிட்டாலும் முட்களைக் கட்டாயம் கொண்டு போங்கள். அவற்றைக் கழற்றும்போது குறட்டால் நெம்ப வேண்டாம். செக்கன் முள்ளை விரல் நகத்தால் நேரே மேலே இழுங்கள். நிமிட முள்ளின் நட்டைக் கையாலே திருகலாம். மணி முள்ளை இலேசாக இரு பக்கமும் அசைத்தபடி தூக்கினால் வந்துவிடும்.

அடுத்தது பாரம். எங்கள் நிமிட முள் நடுத் துவாரத்திலிருந்து நுனி வரை 14 சென்ரிமீற்றர். நீளம் பெரிதாகத் தெரியாவிட்டாலும் பித்தளை. கடை மணிக்கூடுகளின் முட்களெல்லாம் காற்றுக்கே அசையும் அலுமினியத் தகடுகள். பென்சில் ஒன்றின் மேல் முள்ளைக் குறுக்கே வைத்துச் சமநிலை பார்த்தபோது, துவாரத்திலிருந்து இரண்டரைச் சென்ரிமீற்றர் தள்ளியே அது நின்றது. துவாரத்துக்கு மிக அருகில் நிற்குமானால் வால் பகுதி நுனியின் பாரத்தை ஈடு செய்கிறது என்று கொள்ளலாம்; எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அவ்வளவுக்கு மெசின் அதைத் தூக்கச் சிரமப்படும், அதுவும் அந்த ஒன்பது மணிப் பக்கத்தில்தான் கூடுதலாக. பெரிய முகப்புக்கும் பாரமான முள்ளுக்கும் விசை கூடிய மெசின்கள் தனியே உண்டு. பார்வைக்கு அவையும் அதே பெட்டிதான். பற்றரியைச் சற்று விரைவாகக் குடிக்கும். அதைப் பொறுத்துக் கொண்டு, விசை கூடியதையே கேட்டேன்.

இனிச் சத்தம். எல்லா வகை மெசின்களும் "டிக் டிக்" என்று அடிப்பதில்லை. செக்கனுக்கு ஒரு தடவை தாவுவது ஒரு வகை. செக்கன் முள் நில்லாமல் வழுக்கிக் கொண்டு போவது மற்றது. வழுக்கி ஓடும் மெசினில் சத்தம் கேட்காது என்பதால் படுக்கையறைக்கு அதையே இப்போது பலரும் விரும்புகிறார்கள். மோட்டார் ஓயாமல் இயங்குவதால் அதற்குப் பற்றரி கூடச் செலவாகும். நானாவும் எனக்கு அதையே எடுக்கச் சொன்னார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அம்மாவுக்குக் கண்பார்வை குறைந்து சில வருடங்களாகின்றன. முள் எங்கே நிற்கிறது என்பது அவருக்குத் தெரியாது. இரவில் நித்திரை வராதபோது முன் மண்டபத்திலிருந்து வரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கொண்டு படுத்திருப்பது அவர் பழக்கம். "சத்தம் இல்லாட்டி எனக்கு மணிக்கூடு இல்லாத மாதிரித்தான் பிள்ளை. இந்த ஒரு மாசமா வீடு வெறிச்சென்று கிடக்குது" என்றார். அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. தாவும் மெசின் என்று நானாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். உங்கள் வீட்டில் யார் எந்த அறையில் இருந்து மணிக்கூட்டைக் கேட்கிறார்கள் என்பதையும் மெசின் தெரிவு செய்யுமுன் விசாரித்துக் கொள்வது நல்லது.

மெசின் வந்ததும் ஒரு பிற்பகலில் பூட்டினேன். பலகையை மேசையில் கவிழ்த்து, மெசினின் தண்டில் றப்பர் வாசரைப் போட்டுப் பின்புறமாகச் செருகி, பன்னிரண்டு நேர் மேலே வருமாறு பெட்டியைச் சரி பார்த்து, முன்பக்கம் பித்தளை வாசரும் நட்டும். நட்டை விரலால் இறுக்கிவிட்டுக் குறட்டால் கால் சுற்றுக்கு மேல் திருகக்கூடாது, புரி பிளாஸ்டிக்காக இருந்தால் வழுகிவிடும். பிறகு மணி முள்ளைப் பன்னிரண்டுக்கு நேரே வைத்து அழுத்தினேன், நிமிட முள்ளையும் பன்னிரண்டிலேயே வைத்து நட்டுப் போட்டேன். செக்கன் முள்ளைப் போடுமுன், பின்புறக் குமிழைத் திருப்பி இரண்டு முட்களையும் முழுதாகப் பன்னிரண்டு மணி நேரம் சுற்ற விட்டு, ஒவ்வொரு மணியிலும் ஒன்றை ஒன்று உரசாமல் கடக்கின்றனவா என்று பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்த்தேன். நாலு மணிக்கு மேல் நிமிட முள் மணி முள்ளின் முதுகைத் தொட்டது. நுனியை நூலளவு மேலே வளைத்ததும் சரியாயிற்று. நேரத்தை எப்போதும் இந்தக் குமிழால் மட்டும் மாற்றுங்கள், முள்ளை விரலால் தள்ள வேண்டாம். சாதாரண குவாட்ஸ் மெசினைப் பின்னோக்கியும் திருப்பலாம், மணி அடிக்கும் மெசின்களை அப்படித் திருப்பக்கூடாது.

அந்தக் குமிழைத் திருப்பும்போது 1996ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக அந்த மே 25ஆம் திகதி நாடு முழுவதற்கும் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளினார்கள். ஒக்டோபர் 26இல் அதில் அரை மணியைக் குறைத்தார்கள். 2006 ஏப்ரல் 15இல்தான் பழைய நேரம் மீண்டது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் அந்த மாற்றத்தை ஏற்காததால், வாவியின் இந்தப் பக்கம் ஒரு நேரம், மறுகரையான படுவான்கரையில் இன்னொரு நேரம். "புது நேரமா, பழைய நேரமா" என்று கேட்காமல் அப்போது யாரும் ஒரு சந்திப்புக்கு நேரம் குறிப்பதில்லை. அப்பா இந்தப் பலகையைச் சுவரிலிருந்து இறக்கி, பின்னால் கை விட்டுத் திருப்பி, மறுபடி மாட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

பற்றரியைப் பற்றி என் தீர்மானம் இது. சுவர் மணிக்கூடு இழுக்கும் மின் மிகக் குறைவு. அதற்கு விலை கூடிய பற்றரி தேவையில்லை. சாதாரண 1.5 வோல்ட் பற்றரியே ஒரு வருடத்துக்குக் குறையாமல் ஓட்டும். மறுபடி மின்னேற்றும் பற்றரி 1.2 வோல்ட் மட்டுமே தருவதால் பாரமான முள்ளுள்ள மணிக்கூட்டுக்கு அதைப் போட வேண்டாம். எதைப் போட்டாலும், அது இறங்கி நிற்கும் வரை காத்திருக்காமல் வருடத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுங்கள். இறங்கிய பற்றரியை உள்ளே விட்டு வைத்தால்தான் கசியும். நாங்கள் இனி ஒவ்வொரு சித்திரை வருடப் பிறப்புக்கும் வீடு துப்புரவாக்கும்போது மாற்றுவதாக வைத்திருக்கிறோம். பழையதில் இன்னும் உயிர் இருந்தால் அது ரிமோட்டுக்குப் போகும்.

பூட்டியதிலிருந்து கைத்தொலைபேசி நேரத்தோடு ஒப்பிட்டுக் குறித்து வருகிறேன். முதல் வாரத்தில் இரண்டு செக்கன் பின்தங்கியது. இந்தப் படிகங்கள் 25 பாகை வெப்பத்துக்கு அமைய வெட்டப்பட்டவை. அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் சற்று மெதுவாகவே அதிரும். 35 பாகையில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 0.3 செக்கன் பிந்தும் என்று கணக்கு வருகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் மேற்குச் சுவர் பிற்பகல் முழுதும் தணல் போல இருக்கும் என்பதால் மணிக்கூட்டை அங்கிருந்து கழற்றி வடக்குச் சுவருக்கு மாற்றினேன். கடற்காற்று நேரே படும் யன்னலிலிருந்தும் அது இப்போது தள்ளி இருக்கிறது. அம்மாவின் அறைக்கு ஒரு சுவர் கிட்டவும் வந்துவிட்டது.

பிழையாக வாங்கிய அந்த 6 மில்லிமீற்றர்த் தண்டு மெசினை என்ன செய்வதென்று சில நாள் யோசித்தேன். எங்கள் பாடசாலையில் ஏழாம் வகுப்பறைச் சுவரில் ஒரு பிளாஸ்டிக் மணிக்கூடு பல மாதமாகப் பத்தே காலில் நின்று கொண்டிருந்தது. இடைவேளையில் அதை இறக்கி முதலில் முகப்பைத்தான் அளந்தேன். ஒன்றரை மில்லிமீற்றர். முட்கள் வட்டத் துவாரம், மெசினோடு வந்தவையும் அப்படியே. நட்டு முழுதாக இறங்கிப் பிடித்தது. மாணவி ஒருத்தி பற்றரியைப் போட, செக்கன் முள் ஆறிலிருந்து ஏறி, ஒன்பதைக் கடந்து, பன்னிரண்டுக்குப் போனது.